பூட்டுச் சாவியும் வருகைப் பதிவேடும்

கல்லூரியில் சளிக் காய்ச்சல் பரவினால் என்ன செய்வது என்று ஓய்வுபெற்ற முதல்வர் ஒருவர் எழுதிய கட்டுரை, விழுப்புரம் மாவட்டச் செஞ்சி வட்டாரத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாராட்டுகளும் கூப்பிய கைகளும் அதன் பின்னாலேயே ஓடுகின்றன. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தனி ஒருவரின் கருத்தென்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் எழுதியிருப்பதோ, பல முதல்வர் அறைகளில் யாரும் எழுதாமலே நடப்பில் இருக்கிற சட்டம். அதனால்தான் இந்த எதிர்வினை.

அவர் சொல்வது இவ்வளவுதான். இருமலுக்கும் தும்மலுக்கும் விடுப்புக் கொடுத்தால் வகுப்பறை காலியாகிவிடும். ஆகவே வருகைப் பதிவில் இரக்கம் கூடாது. அதையும் மீறி நோய் பரவினால் விடுதியைப் பூட்டி, அன்றைக்கே எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். யாருக்கு நோய், அவரோடு யார் யார் பழகினார்கள் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் வேர் மாணவர்களின் ஒழுங்கீனம்; அதற்குச் சாட்சி சென்னை ஐ.ஐ.டி. முடிவில் கொஞ்சம் ஊர்ப் பெருமை: மலைக்காற்றும் வெயிலும் உள்ள செஞ்சி போன்ற ஊர்களில் இதற்கெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஐ.ஐ.டி.யிலிருந்தே தொடங்குவோம், அவருடைய பிரம்மாஸ்திரம் அதுதானே. 2020 டிசம்பரில் அங்கே கொரோனா பரவியது உண்மை. டிசம்பர் 14 அன்று எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது, அடுத்த சில நாட்களில் 180க்கும் மேலே போனது. கிருஷ்ணா, ஜமுனா விடுதிகளில்தான் அதிகம். மாணவர்கள் கட்டுப்பாடில்லாமல் நடந்தார்கள், நோய் வந்தது என்று நம் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டார். அந்த வரிக்கு முன்னால் அவர் படித்திருக்க வேண்டியது இரண்டு விவரங்கள். அப்போது விடுதிகளில் பத்தில் ஒரு பங்கு மாணவர்களே இருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் சேர்த்து இயங்கியது ஒரே ஒரு மெஸ். தொற்று வந்தவர்களில் மெஸ் பணியாளர்களும் இருந்தார்கள். அறைக்கு ஒருவர் என்று எவ்வளவு தள்ளித் தள்ளிப் படுக்க வைத்தாலும், மூன்று வேளையும் ஒரே கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தால் தள்ளி வைத்ததற்கு என்ன பொருள்? முகக்கவசத்தைக் கழற்றாமல் சாம்பார் சாதம் சாப்பிடும் வித்தையை எந்த ஒழுக்க வகுப்பிலும் கற்றுத் தருவதில்லை. மெஸ்ஸை அப்படி ஏற்பாடு செய்தது மாணவனா, நிர்வாகமா?

அதைவிட வேடிக்கை, அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லாமலே விட்டது. ஐ.ஐ.டி. நிர்வாகம் மாணவர்களைப் பெட்டி படுக்கையோடு சென்ட்ரலுக்கும் கோயம்பேட்டுக்கும் அனுப்பி வைக்கவில்லை. துறைகளையும் ஆய்வகங்களையும் நூலகத்தையும் மூடினார்கள். மாணவர்கள் அறையிலேயே இருந்தார்கள். சாப்பாடு பொட்டலமாக அறைக்குப் போனது. எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. நோய் உறுதியானவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் மறுபடி நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வந்தபோதும் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும்தான், ஊருக்கு விரட்டல் இல்லை. அந்த முறை பெரும்பாலோருக்கு லேசான அறிகுறிகளோடு போய்விட்டது. ஆக, அவர் கூண்டில் ஏற்றிய சாட்சி அவருக்கு எதிராகவே வாக்குமூலம் கொடுக்கிறது. குறுக்கு விசாரணைகூடத் தேவைப்படவில்லை.

'அன்றைக்கே ஊருக்கு அனுப்பு' என்ற யோசனையை விழுப்புரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் எழுதியிருப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2020 மே மாதம் அவர் எங்கே இருந்தார்? கோயம்பேடு சந்தையில் தொற்று வெடித்து, மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்களும் கடையில் நின்றவர்களும் லாரியிலும் டெம்போவிலும் ஏறி ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். எந்த ஊர்? கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர். மே 4 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அதுவரை ஒன்றிரண்டு பேரோடு இருந்த ஊர்களில் தெருவை அடைத்துத் தகரம் வைத்தார்கள். அந்தத் தொழிலாளிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேலை போய், தங்க இடமும் போனால் யாராக இருந்தாலும் ஊருக்குத்தான் வருவார்கள். நோய் முளைத்த இடத்தைக் கலைத்துவிட்டால் அது அங்கேயே செத்துவிடும் என்று நினைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு நம் மாவட்டமே பாடம் படித்தது.

விடுதி மாணவர்கள் எங்கே போவார்கள் என்று கொஞ்சம் யோசிக்கட்டும். வளத்திக்கும் அவலூர்பேட்டைக்கும் அனந்தபுரத்துக்கும் போவார்கள். படியில் தொங்கும் கூட்டத்தோடு போவார்கள். மேல்மலையனூரில் அமாவாசை என்றால் அந்தப் பேருந்தில் மூச்சு விடவும் இடம் இருக்காது. போய்ச் சேர்கிற வீட்டில் மாணவனுக்கென்று தனி அறை கிடையாது; திண்ணையில் சர்க்கரை நோய் உள்ள தாத்தா, உள்ளே ஆஸ்துமாவோடு பாட்டி. இருபது வயதுக்காரனுக்கு மூன்று நாள் காய்ச்சலாகப் போவது அந்தப் பாட்டியை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விடுதியிலாவது கட்டிலும் வார்டனும் கழிப்பறையும் இருக்கின்றன. பத்து அறைகளை ஒதுக்கினால் ஒரு தனிப் பகுதி ஆயிற்று. கல்லூரியின் கணக்கில் நோயாளி எண்ணிக்கை சுழியம் என்று காட்ட இந்த வசதியைப் பூட்டிவிட்டு, நோயை ஐம்பது கிராமங்களுக்கு ஏற்றுமதி செய்வதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'முன்னெச்சரிக்கை'.

இனி வருகைப் பதிவுக்கு வருகிறேன். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதன் நஞ்சும் இங்கேதான். நம் பக்கத்துப் பல்கலைக்கழக விதிகளில் 75 சதவீத வருகை கட்டாயம். அதற்குக் கீழே போனால் குறைவை மன்னிக்கக் கண்டோனேஷன் கட்டணம், மெடிக்கல் சர்டிபிகேட். இன்னும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு கிடையாது. பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 22 நாள் வராமல் இருக்கலாமே, காய்ச்சலுக்கு அது போதாதா என்று கட்டுரையாளர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். காகிதத்தில் சரியான கணக்கு. அந்த 22 நாள் எதற்கெல்லாம் செலவாகிறது என்பது காகிதத்தில் இருக்காது. காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அரை நாள். நடவும் அறுப்பும் வந்தால் வீட்டில் ஆள் வேண்டும். பங்காளி வீட்டுச் சாவு, கருமாதி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு அப்பா காவல் இருந்தால் மாட்டைப் பார்க்க மகள் வீட்டில் இருக்க வேண்டும். செஞ்சி வட்டாரத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கிறவர்களுக்கு அந்த 22 நாள் பொங்கலுக்கு முன்பே தீர்ந்துபோகும். அதன் பிறகு வருகிற காய்ச்சலை அந்த மகள் பாராசிட்டமால் போட்டு அடக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவாள். வந்தே ஆக வேண்டும் என்பதுதானே நீங்கள் போட்ட விதி?

இன்டர்னல் மதிப்பெண் இதைவிடக் கொடுமை. உள்தேர்வு நாளில் வராவிட்டால் மறுதேர்வு வைப்பதா வேண்டாமா என்பது பல இடங்களில் அந்த ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. செய்முறைத் தேர்வு என்றால் கேட்கவே வேண்டாம். இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு வகுப்புக்கு வந்த பிள்ளையைப் பார்த்துப் பொறுப்பில்லாதவள் என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

மருத்துவம் சொல்வது என்ன? சாதாரண இன்புளூயன்ஸா வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அறிகுறி வந்த முதல் மூன்று நான்கு நாட்கள்தான் உச்சம். பன்றிக் காய்ச்சலுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறையில் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். லேசான காய்ச்சலும் இருமலும் மட்டும் உள்ள 'ஏ' பிரிவுக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஆசெல்டாமிவிர் மாத்திரையும் வேண்டாம். வீட்டில் இரு, பிறரோடு கலக்காதே, ஓரிரு நாளில் மறுபடி மருத்துவரைப் பார் என்பதுதான் அறிவுரை. அரசு மருத்துவர் கலக்காதே என்கிறார். அரசுக் கல்லூரிப் பதிவேடு, கலக்காவிட்டால் ஆப்சென்ட் என்கிறது. இரண்டும் ஒரே அரசு.

சர்டிபிகேட் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று ஒரு சலுகையையும் அவர் போனால் போகிறதென்று வீசியிருக்கிறார். ஓய்வெடுக்க வேண்டிய நாளில் மாணவன் எழுந்து அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவு வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். முன்னால் நிற்கும் கர்ப்பிணிமீதும் பின்னால் நிற்கும் முதியவர்மீதும் இருமிக்கொண்டே நிற்க வேண்டும். மருத்துவர் அவனுக்கு எழுதித் தரப்போவது அதே பாராசிட்டமால்தான், கூட ஒரு காகிதம். அந்தக் காகிதத்துக்காக ஒரு தொற்று நோயாளியை ஊரின் பலவீனமானவர்கள் கூடும் இடத்துக்கே அனுப்பி வைக்கிறது கல்லூரி. காசு கொடுத்தால் காகிதம் எங்கே கிடைக்கும் என்பது மாணவர்களுக்கும் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும். காசில்லாதவன் மட்டும்தான் வரிசையில் நிற்கிறான்.

சலுகை கொடுத்தால் பொய் சொல்வார்கள் என்பார். சொல்வார்கள்தான். மூன்று நாள் பொய்க் காய்ச்சலில் படுத்தவனால் அவனுடைய மூன்று நாள் பாடம்தான் கெடும். மெய்க் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தவளால் பெஞ்சே படுக்கும், அடுத்த வாரம் ஆசிரியரும் படுப்பார். எந்த நட்டத்தைத் தாங்கலாம் என்று முடிவெடுக்க முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை.

அறிவிப்புப் பலகைக்கு வருவோம். பெயர்ப் பட்டியல் ஒட்டினால் பயம் வரும், பயம் வந்தால் கட்டுப்பாடு வரும் என்பது அவர் தர்க்கம். கொரோனா நாட்களில் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தோமே, என்ன வந்தது? அந்த வீட்டுக்குப் பால்காரர் வருவது நின்றது. காய்ச்சல் வந்தவர்கள் பரிசோதனைக்கே வராமல் ஒளிந்தார்கள். 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டாலன்றி நோயாளிகளின் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டக் கூடாது என்றது. மாவட்ட ஆட்சியர்கள் கைவிட்ட பழக்கத்தைக் கல்லூரி முதல்வர்கள் தத்தெடுக்க வேண்டும் என்கிறார் இவர். அதுவும் பெண்கள் விடுதியில். பட்டியலில் பெயர் வந்த பெண்ணின் ஊருக்கு அந்தப் புகைப்படம் பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேரும். அடுத்து உடம்பு சரியில்லாமல் போகிறவள் வார்டனிடம் வாய் திறப்பாள் என்றா நினைக்கிறீர்கள்?

பழகியவர்களுக்குத் தகவல் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போக வேண்டும், அன்றைக்கே போக வேண்டும். தனித்தனியாக, நோயாளியின் பெயர் சொல்லாமல்: உன் வகுப்பில் ஒருவருக்குத் தொற்று, ஐந்தாறு நாள் முகக்கவசம் போடு, காய்ச்சல் வந்தால் இந்த எண்ணுக்குச் சொல், மெஸ்ஸில் கடைசிப் பந்தியில் சாப்பிடு. இதற்கு ஆகிற செலவு சில தொலைபேசி அழைப்புகள். பலகையில் ஒட்டுவதைவிட இது கொஞ்சம் வேலை கூடுதல். அந்த வேலையைச் செய்ய மனமில்லாததற்குத்தான் ஒழுக்கம், கட்டுப்பாடு என்று இத்தனை பெரிய சொற்கள்.

காசநோய்க்காரனோடு இருந்தவனையும் விலக்கி வை என்று ஒரு வாக்கியத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். சென்னை மாநகரம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஒரு விஷயத்தையே தெரிந்துகொள்ளாமல் எழுதிய வாக்கியம் அது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை நெரிசலான தங்கள் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது, நோய் கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஆக, ஆபத்தானவன் மருந்து சாப்பிடுகிற மாணவன் அல்ல. வெளியே சொல்லப் பயந்து இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருக்கிறவன். அவனை வாய் திறக்க விடாமல் செய்வது எது? உங்கள் பலகை.

கடைசியாகச் செஞ்சிக் காற்று. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இந்தப் பெருமை இனிக்கத்தான் செய்யும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் நின்றால் காற்று ஆளையே தள்ளும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கோட்டைக் காற்று பற்றி கும்பெனிக் காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதி வைத்திருப்பதைக் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1761இல் இழந்தார்கள். ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அவர்கள் இங்கே வைத்திருந்ததில்லை. அந்தப் பத்தாண்டில் 1,200 பேரை இழந்தார்கள். அன்றைய கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று பெயர் வாங்கியது இந்த ஊர். அது கொசுக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், சளிக் காய்ச்சல் அல்ல. ஆனாலும் கோட்டையின் காற்றைக் காட்டி மருத்துவச் சான்றிதழ் கொடுக்கிறவர், கோட்டையின் வரலாற்றையும் ஒரு தடவை புரட்டிவிட்டுக் கொடுக்கலாம்.

மலை உச்சியில் வகுப்பு நடப்பதில்லை என்பதையும் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அறுபது பேர் உட்காரும் அறையில், சாலை இரைச்சல் என்று ஒரு பக்க ஜன்னலையும், புரொஜெக்டர் தெரியவில்லை என்று மறுபக்க ஜன்னலையும் சாத்திவிட்டு வகுப்பெடுக்கிறோம். கை கழுவு, ஆறடி தள்ளி நில் என்பதோடு அவர் நிற்கிறார். உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது; பிறகு 2021இல் காற்றில் பரவுவதை ஒப்புக்கொண்டது. கட்டுரையாளருக்கு மட்டும் நாட்காட்டி 2020 மார்ச்சைத் தாண்டவில்லை. ஜன்னல் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள்: ஜன்னலையும் கதவையும் திறந்தால் மணிக்கு 28 தடவை அறைக் காற்று மாறியது, எந்திரம் வைத்துக் காற்றோட்டம் செய்யும் தனிமை அறைகளுக்குப் பரிந்துரைத்த அளவே 12தான். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் அது 40ஐத் தொட்டது. நான்கு பக்கமும் வளைவுகளாகத் திறந்து கிடக்கும் நம் கோட்டைக் கல்யாண மகாலைக் கட்டியவர்களுக்குத் தெரிந்தது, ஏசி கருத்தரங்கக் கூடத்துக்கு நிதி கேட்டு எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் செய்ய நிதி எங்கே, விதி எங்கே என்று அவர் கேட்பார். ஜன்னல் திறக்க நிதி வேண்டாம். விதியைப் பொறுத்தவரை ஒரு சின்னச் சங்கடம் இருப்பது உண்மைதான். விழுப்புரத்துக்கென்று அறிவித்த பல்கலைக்கழகத்தை 2021இலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே நம் பிள்ளைகளின் வருகைக் கணக்கு சிதம்பரத்தில் முடிவாகிறது. ஆனால் பதிவேட்டில் ஏற்கெனவே 'ஓ.டி.' (ஆன் டியூட்டி) என்று இரண்டு எழுத்து இருக்கிறதே, அது எந்தச் சிதம்பர ரகசியம்? என்.சி.சி. முகாமுக்குப் போனால் ஓ.டி. கபடிப் போட்டிக்குப் போனால் ஓ.டி. விழா மேடைக்கு முன்னால் நாற்காலி நிரப்ப ஏற்றிப்போனாலும் ஓ.டி. வகுப்பில் இல்லாதவரை இருந்தவராகக் கணக்கிடும் கலை உங்களுக்குக் கைவந்த கலைதான், ஐயா. காய்ச்சலோடு வகுப்புக்கு வராமல் இருந்து அறுபது பேரைக் காப்பாற்றிய பெண்ணுக்கு அந்த இரண்டு எழுத்தைப் போட உங்கள் பேனா ஏன் மறுக்கிறது என்பதை அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.